இலவசப் போட்டியும் என் இடது காலும்

டிரைவிங் ஸ்கூலில் எனக்குப் 'பாதி டிரைவர்' என்று பெயர். நேரில் மரியாதையாக "மாஸ்டர்" என்பார்கள். முதுகைக் காட்டினால் பாதி டிரைவர். யார் வைத்த பெயர் என்று பத்து வருஷமாகத் தேடுகிறேன், ஆள் அகப்பட்டபாடில்லை. ஆனால் பெயர் பொருத்தம்தான், மறுப்பதற்கில்லை. நான் உட்காரும் பக்கத்தில் ஸ்டீயரிங் கிடையாது. காலடியில் இரண்டே பெடல், ஒரு கிளட்ச், ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வருகிறவர் பக்கத்துப் பெடல்களோடு அவற்றைக் கம்பி போட்டு இணைத்திருக்கும். நான் மிதித்தால் அவர் பக்கமும் தானாக இறங்கும். அவர் எதிரே வரும் லாரியைக் கட்டிப்பிடிக்கக் கிளம்பினால் நான் மிதித்து நிறுத்த வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

பத்தொன்பது வருஷம் இப்படி மிதித்ததில், என் கால்கள் என்னைக் கேட்டுவிட்டு வேலை செய்வதை நிறுத்திவிட்டன. பஸ்ஸில் போனால் டிரைவருக்கு முன்னால் நான் பிரேக் போடுவேன். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். ஒருமுறை மனைவியின் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து டிவியில் கார் துரத்தல் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் ஒரு மிதி மிதித்தேன் பாருங்கள், டீப்பாய் மேலிருந்த காபி மொத்தமும் சித்தப்பா மடியில். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஓரமாக ஒரு நாற்காலி, தனியாக.

இப்படிப்பட்ட மகானுபாவன் போக்கரில் விழுந்த கதையைக் கேளுங்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்தார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளும் ரகம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போனை எடுத்து ஏதோ தட்டுவார். என்ன அது என்று வாயைக் கொடுத்தேன்.

"போக்கர் மாஸ்டர். இலவசப் போட்டி. பேரைப் பதிஞ்சா போதும், காசே கட்ட வேண்டாம். ஜெயிச்சா பரிசு, தோத்தா ஒண்ணுமில்ல. உங்க கையை விட்டு என்ன போகப்போகுது?"

இலவசம் என்ற சொல் என் காதில் விழுந்தால் மூளைக்குப் போகாது, நேராகக் கைக்குப் போய்விடும். பற்பசையோடு இலவசமாகத் தந்த பிளாஸ்டிக் டப்பா எங்கள் சமையலறையில் பதினேழு இருக்கிறது. ஒன்றுக்கும் மூடி பொருந்தாது. தூக்கிப் போடவும் மனசு வராது. அன்று சாயங்காலமே பெயரைப் பதிந்துவிட்டேன்.

ஆட்டம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஆரம்பத்தில் பணயம் வைக்க எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ், அதாவது பொம்மைக் காசு, கொடுப்பார்கள். கையில் பிடிக்க முடியாத, திரையில் மட்டும் தெரிகிற சிப்ஸ். அது தீர்ந்தவன் வெளியே. தினமும் நாலு மணிக்குப் போட்டி, சுமார் நாலாயிரம் பேர். கடைசிவரை தாக்குப்பிடிக்கும் ஐம்பது பேருக்கு, மாதக் கடைசியில் நடக்கும் பெரிய போட்டிக்கு டிக்கெட். அங்கேதான் நிஜமான பரிசு. அதாவது இலவசமாக இரண்டு மணி நேரம் மூச்சுப் பிடித்து ஆடி ஜெயித்தால், இன்னொரு நாள் இன்னும் நாலு மணி நேரம் ஆட அனுமதி தருவார்கள். இதை அன்றைக்கே நான் யோசித்திருக்கலாம்.

முதல் நாள் பெரிய ராஜதந்திரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையில் ஒரு ராஜா, ஒரு ராணி. எதிரே ஒருவன் இருப்பதையெல்லாம் அப்படியே நடுவில் தள்ளினான். 'இவனிடம் என்னமோ இருக்கிறது' என்று ஒரு நொடி யோசித்து, நானும் தள்ளினேன். அவன் கையில் ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான கை அந்த ஆட்டத்திலேயே கிடையாது. நடுவில் வந்த ஐந்தில் இரண்டு ஏழு, அவனுக்கு மூன்று ஏழு சேர்ந்துவிட்டது. ஆரம்பித்து நாலு நிமிஷத்தில் நான் மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சமாவது ஆளாக வெளியே வந்தேன். மறுநாள் மருந்துக்கடைக்காரர் சிரிசிரி என்று சிரித்தார். "இலவசம்தானே மாஸ்டர், யாருக்கும் எதுவும் போகப்போறதில்ல. அதனால முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு அடிப்பாங்க. அங்கே போய் நீங்க மூளையைக் காட்டினா எடுபடுமா?"

இரண்டு மாதம் இப்படியே போனது. என் மூளையை நம்பி ஆடியதில் அதிகபட்சம் தொள்ளாயிரத்து அறுபதாவது இடம். ஒரு நாள் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, போனை ஆபீஸ் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு கிளாஸுக்குப் போய்விட்டேன். என் முறை வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தானே அந்தக் கையை ஆடாமல் சீட்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டாயமாகப் போட வேண்டிய சிப்ஸை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் நான் இருநூற்றுப் பன்னிரண்டாவது இடம். மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேரை நான் இல்லாமலே ஜெயித்திருக்கிறேன்! வாழ்க்கையில் இதைவிட நாகரிகமாக ஒரு மனிதனை 'நீ வேண்டாம்' என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் நான் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டேன். சீட்டை விட்டுக்கொண்டே இருந்தால் போதும். பாதிக் கூட்டம் தானாக அடித்துக்கொண்டு செத்துவிடும். அபூர்வமாக நல்ல கை வந்தால் மட்டும் ஆடலாம். இதற்கு மூளை வேண்டாம், ஒரு கட்டைவிரல் போதும். கட்டைவிரல்தான் வேண்டும் என்றால், கிளாஸ் எடுத்துக்கொண்டே ஆடலாமே!

வெளி ஆட்களோடு அப்படிச் செய்ய எனக்கே தைரியம் வரவில்லை. அவர்கள் காசு கட்டியிருக்கிறார்கள், ஓனரிடம் போய்ச் சொல்லிவிடுவார்கள். காசு கட்டாமல் என்னிடம் கற்றுக்கொள்ள ஒரே ஒருத்திதான் வந்தாள். என் மனைவி.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிறவள். பதினோரு வருஷமாகத் தரைக்குக் கீழே ஒரு அறை. ஜன்னல் கிடையாது. இரண்டு நீளக் கம்பிகள், நாலு கட்டில், சுவரோரம் பெரிய ரப்பர் பந்துகள், எப்போதும் தைல வாசனை. காலை எட்டு மணிக்கு இறங்கினால் நாலு மணிக்குத்தான் மேலே வருவாள். நாள் முழுக்க மற்றவர்களின் முட்டியை மடக்கி நீட்டிவிட்டு வருகிறவளிடம், "வெளியே மழை பெஞ்சுதே, தெரியுமா?" என்று நான் கேட்டால், "எங்களுக்கு மழையும் கிடையாது வெயிலும் கிடையாதுங்க" என்பாள். இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் புது வேலை ஒன்று போட்டார்கள். எழுந்து வர முடியாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை. கார் அவர்கள் தருவார்கள், ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு இடம். அடுத்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால் அவளுக்கு, இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு.

"ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவுல ரோடு இருக்கும்லங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் அப்படி ஆசைப்பட்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நாலரை மணிக்கு அவளுக்கு கிளாஸ். நாலு மணிக்குப் போட்டி. காரில் ஏறும்போதே நான் ஐம்பது கை விட்டிருப்பேன். முதல் வாரம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். சமதரையில் எடுத்தாள், நிறுத்தினாள், இன்ஜின் அணைந்துபோனது, மறுபடி எடுத்தாள். எல்லோரும் செய்வதுதான். இரண்டாவது வாரம் போன் மடிக்கு வந்துவிட்டது.

"என்ன மாஸ்டர், யாரு போன்ல?" காரில் ஏறினால் அவளும் என்னைக் கேலியாக மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

"ஓனர்தான். மெசேஜ் மேல மெசேஜ். நீ ரோட்டைப் பாரு."

அவள் ரோட்டைப் பார்த்தாள். நான் சீட்டைப் பார்த்தேன். கார் என்னமோ அருமையாக ஓடியது.

டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் மண்ணைக் கொட்டிச் செய்த ஒரு மேடு இருக்கிறது. ஏறும் வழியில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். டெஸ்ட்டில் பாதிப் பேர் கவிழ்வது அங்கேதான். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வண்டி இழுக்கும் அந்த இடத்தில் காலைப் பிடித்து நிறுத்தி, பிரேக்கிலிருந்து மற்ற காலை எடுக்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு வக்கீலே இருபது நாள் அந்த மேட்டில் நின்று அழுதிருக்கிறார். இவள் மூன்றாவது நாளே வெண்ணெய் மாதிரி எடுத்தாள்.

"மாஸ்டர், பாத்தீங்களா! எனக்கு கிளட்ச் காலுக்குப் பிடிபட்டுடுச்சு!"

"சபாஷ்," என்றேன், தலையைத் தூக்காமல். அன்றைக்கு என்னிடம் இரண்டு ஆஸ் வந்திருந்தது. அதே மேட்டில், அதே பத்து நிமிஷத்தில், முதல்முறையாக நாற்பத்து மூன்றாவது இடம் பிடித்து அடுத்த மாதக் கடைசிப் போட்டிக்கு டிக்கெட் வாங்கினேன். நான் போட்ட கூச்சலை அவள் தனக்கான பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள். வெட்கத்தோடு, "ரொம்பப் புகழாதீங்க, கண்ணு பட்டுடும்," என்றாள். நான் எதையும் திருத்தவில்லை.

அந்த ஒரு மாதமும் எனக்கு இடது கெண்டைக்கால் விண்விண்ணென்று தெறித்தது. வயசாகிறது என்று நினைத்தேன். தினமும் சாயங்காலம் சோபாவில் காலை நீட்டிக்கொள்வேன். நாள் முழுக்க முப்பது பேர் காலைப் பிடித்துவிட்டு வந்தவள், தரையில் உட்கார்ந்து முப்பத்தோராவதாக என் காலையும் பிடித்துவிடுவாள். "என்னங்க இது, கல்லு மாதிரி இருக்கு. இந்த ஒரு கால் மட்டும் ஏன் இப்படி இறுகியிருக்கு?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழே," என்பேன்.

டெஸ்ட் நாள் வந்தது. தேர்வு அதிகாரி முன்னால் என் இடத்தில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். போன் அணைத்துப் பையில். சமதரையில் இரண்டு முறை வண்டி அணைந்தது, சமாளித்துவிட்டாள். வளைவில் போனாள், மேட்டில் ஏறினாள். "நிறுத்துங்க," என்றார். நிறுத்தினாள். "எடுங்க," என்றார்.

எடுத்தாள். கார் பின்னால் உருண்டது.

அந்த நொடியில் என் இடது கால், என்னைக் கேட்காமல், பின் சீட்டின் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பெடல் இல்லை, வெறும் ரப்பர் பாய்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக அந்த மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தியது அவள் இல்லை. கையால் சீட்டு ஆடிக்கொண்டு, காலால் கார் ஓட்டியிருக்கிறேன். அவள் கிளட்ச்சை எவ்வளவு தாறுமாறாக விட்டாலும் என் கால் அதைச் சரியான இடத்தில் பிடித்துக்கொடுத்திருக்கிறது. அவள் பிரேக்கை விட்டால் என் பிரேக் பிடித்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை ஒரு முறை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் எங்கே பார்த்தேன்?

மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் உருண்டு, கடைசியில் கீழே வைத்திருந்த டிரம்மில் போய் இடித்து நின்றது. அதிகாரி ஒன்றும் திட்டவில்லை. தாளில் ஒரு கோடு போட்டார். "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கம்மா," என்றார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுதாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. "ஒரு மாசமா ஒரு தடவைகூட உருளலையே. அது எப்படிங்க? எனக்கு என்ன ஆச்சு?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "பதட்டம்," என்றேன். "நிறைய பேருக்கு வரும். நீ ரொம்பப் பதட்டப்படுறே." என் வாயில் அந்த வார்த்தை எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அப்படியே அறைந்திருக்க வேண்டும் என்னை.

அவள் அதை நம்பினாள். நம்பியதுதான் வினையாகப் போயிற்று. டிரம்மில் இடித்ததைவிட அந்தப் 'பதட்டம்' அவளை நொறுக்கிவிட்டது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைக் கைத்தாங்கலாக நடக்க வைக்கும்போதுகூட, 'நமக்குப் பதட்டம், நாம் விட்டுவிடுவோமோ' என்று பயம் வருகிறதாம். கிளாஸுக்கு வரச் சொன்னால் தலைவலி என்றாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேனா குடுங்க."

"என்ன அது?"

"அந்த வேலை எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கறேன். வேற யாராவது போகட்டும். பதட்டப்படுறவ ரோட்டுல போய் யாரையாவது இடிச்சா என்ன பண்றது? எனக்கு அந்த அறையே போதுங்க."

பேனாவையும் கொடுத்துவிட்டேன். அவ்வளவு பெரிய வீரன் நான். அவள் தேதியைப் போட்டு, ஐயா என்று எழுதி, கீழே முதல் வரியை ஆரம்பித்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"எழுதாதே. உனக்குப் பதட்டம் இல்ல. மேட்டுல வண்டியை எடுத்தது நீ இல்ல. நான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். மருந்துக்கடைக்காரர், நாலு மணிப் போட்டி, கட்டைவிரல், கால், நாற்பத்து மூன்றாவது இடம், எதையும் பூசி மெழுகவில்லை. பூசி மெழுகும் அளவுக்கு நல்ல இடமும் அதில் எதுவும் இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நோயாளியிடம் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து."

"ஒரு தடவையாவது நானா எடுத்தேனா?"

யோசித்தேன். இனிமேல் பொய் சொன்னால் சோறு கிடையாது என்று தெரியும். "முதல் வாரம் நாலஞ்சு தடவை அணைஞ்சுதே. அது நீதான்."

"அப்ப நல்லா எடுத்ததெல்லாம்?"

"நான்."

என் காலையே பார்த்தாள். "இந்தக் காலைத்தான் நான் ஒரு மாசமா தரையில உக்காந்து பிடிச்சுவிட்டேனா?" என்றாள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"சீட்டு ஆடினதுகூடப் போகட்டும் மாஸ்டர்." வீட்டுக்குள் அவள் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டது அன்றுதான். "கால் தானா மிதிச்சது, அதையும் விட்டுடறேன். அன்னைக்குக் கார்ல நான் அழுதப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னைத்தான் சொன்னீங்க."

அவள் தாளை நான்காக மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நேராக எங்கள் ஸ்கூலுக்கே வந்து, காசு கட்டி, ரசீது வாங்கி, 'கண்ணாடி அக்கா'விடம் சேர்ந்தாள். அவர் எங்கள் இன்னொரு மாஸ்டர். "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு" என்று நாள் முழுக்கக் கத்துவதால் வந்த பெயர். நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டைத் தலைகீழாக வைத்துக்கொண்டு படித்தேன். ஓனர் ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார்.

கண்ணாடி அக்காவின் முறை வேறு. மைதானத்துக்குள் போனதும் செருப்பைக் கழற்றி, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெடல் பக்கம் கால் போகவே போகாது. "இனிமே உன் கால்தான்மா நம்ம ரெண்டு பேருக்கும்," என்றாராம். முதல் நாள் பத்தொன்பது முறை அணைந்தது. இரண்டாம் நாள் பதினாலு. நான் வேறொரு காரில் வேறொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தூரத்திலிருந்து எண்ணுவேன். ஒவ்வொரு முறை அவள் கார் உருளும்போதும் நான் இங்கே மிதிப்பேன். எனக்கு வாய்த்த மாணவன் பாவம், காரணமே புரியாமல் நடுரோட்டில் நின்றான்.

எட்டாம் நாள் ஒருமுறை எடுத்தாள். நிஜமாகவே எடுத்தாள். கார் துளி உருளாமல் மேலே ஏறியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்? வீட்டில் நாங்கள் அப்போது உப்பு, புளி, கதவைச் சாத்துங்க என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை. அதனால் "பார்த்தேன்" என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

மறு டெஸ்ட் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. என் டிக்கெட்டுக்கான பெரிய போட்டியும் அதே சனிக்கிழமை, அதே பத்து மணி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"எங்கே?"

"உன்கூட. பின்னாடி ஓரமா உக்காந்துக்கறேன்."

"வேண்டாங்க. கோபத்துல சொல்லல. நீங்க கார்ல இருந்தா என் கால் உங்க காலைத் தேடும்." சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். "போய் உங்க போட்டியை ஆடுங்க. அந்த ஒரு டிக்கெட்டுக்கு எவ்வளவு குடுத்திருக்கோம், வீணாக்க வேண்டாம்."

ஆடவே கூடாது என்று முடிவு செய்தேன். பாத்திரம் கழுவினேன். மூடி பொருந்தாத டப்பாக்களை அடுக்கினேன். ஒன்பது ஐம்பத்தெட்டுக்குப் போனைத் திறந்தேன். மனுஷ ஜென்மம்தானே.

நானூற்று இருபது பேர். இங்கே யாரும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவில்லை. டிக்கெட் வாங்க எல்லோரும் என்னென்னவோ தொலைத்துவிட்டு வந்திருப்பார்கள் போல. நான் சீட்டை விட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே கால், இப்போது வளைவு. பத்தரை, இப்போது மேடாக இருக்கும். பதினொன்றும் ஆகிவிட்டது. ஒரு சத்தத்தையும் காணோம். முன்னால் மூன்று பேர் இருந்தால் தாமதமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொன்று இருபதுக்கு இன்னும் ஐம்பத்தெட்டுப் பேர் மிச்சம். பரிசு முப்பது பேருக்கு. என் கையில் இரண்டு ராஜா. எதிரே ஒருவன் இருப்பதையெல்லாம் தள்ளினான். நான் பதில் சொல்லப் பதினைந்து நொடி. நாலு மாதமாகக் காத்திருந்த கை இதுதான்.

போன் அடித்தது. திரையின் மேல் பாதியில் 'வீடு' என்று வந்தது. அவள் நம்பரை அப்படித்தான் வைத்திருக்கிறேன். கீழ்ப் பாதியில் இரண்டு ராஜாவும் பொத்தானும் அப்படியே தெரிந்தன. ஒரு ரிங் போனது. இரண்டாவது போனது. என் கட்டைவிரல் நடுவில் தொங்கியது. மூன்றாவதும் போனது.

நாலாவது ரிங்கில் எடுத்தேன்.

"பாஸ்," என்றாள்.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு வாங்க, மேட்டில் ஒரே தடவையில் எடுத்ததையும், அதே அதிகாரி "நீங்களாம்மா?" என்று கேட்டதையும் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நாலு ரிங் போச்சே?" என்றாள்.

"பாத்ரூம்ல…" என்று ஆரம்பித்தேன். பாருங்கள், நாக்கு எவ்வளவு பழகிவிட்டது. "இல்ல. ஆடிட்டிருந்தேன். ரெண்டு ராஜா வந்துது."

மறுமுனையில் சிரித்தாள். இரண்டரை வாரம் கழித்துக் கேட்ட சிரிப்பு. "ராஜாவை என்ன பண்ணீங்க?"

"விட்டுட்டேன்."

"ஐயோ, ஆடிட்டு எடுத்திருக்கலாமே. ரெண்டு நிமிஷம் கழிச்சும் நான் பாஸ்தானே?"

"மூணாவது ரிங் வரைக்கும் நானும் அதையேதான் நினைச்சேன்," என்றேன்.

பின்னால் கண்ணாடி அக்கா யாரையோ அதட்டுவது கேட்டது.

"தெரியுங்க," என்றாள். "அஞ்சாவது அடிச்சிருந்தா கட் பண்ணிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பேன். அப்புறம் நீங்க எத்தனை தடவை கூப்பிட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்."